ஊட்டியும் சிம்லாவும் ஒரே உயரம்தான், ஐஸ் மட்டும் அங்கே

ஜனவரி விடியலில் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தா பக்கம் போனால், யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லுப்பைத் தூவிவிட்டுப் போனமாதிரி புல்வெளி வெளுத்துக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் குல்லாவும் மஃப்ளருமாக இறங்கிப் படம் எடுப்பார்கள். கார் கண்ணாடியில் படிந்த வெள்ளையில் குழந்தைகள் விரலால் பேர் எழுதும். தோட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது கருகப்போகும் கொழுந்து.

அந்த உறைபனியை மனதில் வைத்துத்தான் குன்னூர் டீக்கடையில் ஒரு பையன் என்னிடம் கேட்டான். 2025 ஜூன், வெளியே மழை. ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி வெண்கலம் வாங்கிய செய்தியைக் கைபேசியில் காட்டினான். "ஏனுங்கண்ணா, நம்ம ஊர்லயும் ஐஸ் விழுதுல்ல? டீம்ல ஒருத்தர்கூட நம்ம ஆளு இல்லையே, ஏன்?"

சின்னக் கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்லப் போனால் இந்திய ஐஸ் ஹாக்கி அணியின் மொத்தச் சரித்திரத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கே ஏன் இல்லை என்பதும் அங்கே ஏன் இருக்கிறது என்பதும் ஒரே கதைதான்.

முதலில் நம் மலையைப் பார்ப்போம். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். சிம்லாவும் ஏறக்குறைய 2,200 மீட்டர்தான். இரண்டும் வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து ஏறிய ஊர்கள். இரண்டிலும் மலை ரயில், தேவாலயம், கிளப். உயரம்தான் கணக்கு என்றால் இரண்டிலும் ஒரே விளையாட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிம்லாவில் லக்கர் பஜாருக்குக் கீழே 1920-ல் திறந்தவெளி ஐஸ் ஸ்கேட்டிங் திடல் வந்தது. இயந்திரம் எதுவும் கிடையாது. சாயங்காலம் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள், இரவுக் குளிரில் அது உறையும், காலையில் அதன்மேல் சறுக்குவார்கள். ஊட்டி கிளப்பின் பேர் வெளியுலகத்துக்குத் தெரிந்தது ஸ்னூக்கர் மேசையால். அந்த விளையாட்டுக்கான விதிகள் 1882-ல் எழுதப்பட்டது இங்கேதான் என்பார்கள். பனியில் ஆட வழியில்லாத மலையில் ஆள் கணப்பு மூட்டி உள்ளேதானே உட்காருவான்!

ஒரே உயரத்தில் இத்தனை வித்தியாசம் எப்படி வந்தது? சூரியனால். ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே இருக்கிறது, சிம்லா 31 பாகை. டிசம்பர் கடைசியில், ஆண்டின் மிகக் குட்டையான பகலில்கூட, ஊட்டியில் உச்சி வெயில் அடிவானத்திலிருந்து சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். சிம்லாவில் அதே நாள் 35 பாகைதான். சாய்ந்து வரும் வெயிலுக்குச் சூடு குறைவு. மலைச்சரிவின் நிழலும் நீண்டு விழும், அந்தத் திடல் பாதி நாள் நிழலிலேயே கிடக்கும். பகல் நீளமும் அப்படித்தான். நமக்குப் பதினொன்றரை மணி நேரம், அவர்களுக்குப் பத்து மணி நேரத்தை ஒட்டி. அதனால் நம் ஊரில் விடியற்காலை பூஜ்யத்தைத் தொட்ட வெப்பமானி மதியம் 20 டிகிரிக்கு ஏறி நிற்கும். ராத்திரி சேர்த்ததைப் பகல் தின்றுவிடும்.

நம் உறைபனியே வேறு சமாச்சாரம். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானமும் காந்தலும், கொடைக்கானலில் கீழ்பூமியும் ஜிம்கானா மைதானமும் முதலில் வெளுப்பது அதனால்தான். மேட்டில் இருக்கும் வீட்டு முற்றத்தில் வெறும் ஈரம்தான் இருக்கும், பள்ளத்தில் இருக்கும் தோட்டம் கருகிப்போகும். ஆனால் அந்த வெள்ளை புல்லின் தோலில் படிந்த துகள்தான், தரைக்குள் இறங்காது. ஏரி உறைவது அதைவிடக் கஷ்டம். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம். மேலே குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மொத்தத் தண்ணீரும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேல்பரப்பு உறைய ஆரம்பிக்கும். ஊட்டி ஏரிக்கு அவ்வளவு பொறுமையான குளிர் ஒருபோதும் கிடைப்பதில்லை.

நானே ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். தலைக்குந்தாவில் நண்பர் வீட்டுப் பின்புறம் ஒரு எவர்சில்வர் தட்டில் இரண்டு விரல்கடைத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். காலை ஆறு மணிக்கு வெற்றிலை கனத்துக்கு ஒரு ஏடு கட்டியிருந்தது. எடுத்துக் கையில் வைத்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. அரை மணியில் விரலிடுக்கில் ஒழுகிவிட்டது. தட்டில் மிச்சமிருந்த ஏடும் ஒன்பது மணிக்கு இல்லை. வெற்றிலை கனத்து ஐஸில் ஆடும் ஹாக்கிக்கு ஒரு கோழிக்குஞ்சைத்தான் இறக்கலாம்.

தமிழில் பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்கிறோம். முன்பனி, பின்பனி என்று ஆறில் இரண்டு பருவத்துக்கு அதன் பேரையே வைத்தோம். ஆனால் அந்தப் பனி பெரும்பாலும் புல்நுனியில் நிற்கும் ஈரம்தான். கட்டியாக உறைந்ததற்கு ஐஸ் என்று கடன் வாங்கினோம், பொருளையும் கடனாகத்தான் வாங்கினோம். சென்னைக் கடற்கரையில் 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸில் இறங்கியது அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் வெட்டிக் கப்பலேற்றிய ஐஸ். அந்தக் கடுங்குளிர் வட்டாரத்திலேயே இன்னும் கொஞ்சம் வடக்கே, கனடாவின் மான்ட்ரியலில், 1875 மார்ச் 3 அன்று கூரைக்கு அடியில் முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்தது. அங்கே தோன்றிய விளையாட்டு நம்மை எட்டியது வேறு வழியில், வேறு ஆட்களால்.

அந்த ஆட்கள் ராணுவத்தினர். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், 34 பாகை வடக்கே இருக்கிறது. குளிர்காலத்தில் லடாக்கின் மலைக் கணவாய்கள் மூடிக்கொண்டால் வெளியுலகத் தொடர்பு விமானம்தான். ஆழமில்லாத குளங்கள் டிசம்பர் நடுவில் உறையும், பிப்ரவரி நடுவரை தாங்கும். வேலை குறைவு, பொழுது நீளம், காலடியில் ஐஸ். எல்லையில் நிறுத்தப்பட்ட படைவீரர்களும் உள்ளூர்ப் பையன்களும் அந்தக் குளங்களில் மட்டையைத் தூக்கினார்கள். லே பக்கத்தில் குப்புக்ஸ் குளம், கர்சூ குளம் என்று பேர் சொல்லும்படியான இடங்கள் உருவாயின. லடாக் குளிர்கால விளையாட்டு மன்றம் 1985-ல் தொடங்கியது.

வெலிங்டன் பக்கம் இருக்கும் சுபேதார் மாமாவுக்கு இதை நேரில் பார்த்த அனுபவம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கில் இரண்டு குளிர்காலம் தள்ளியிருக்கிறார். "ஸ்கேட்ஸா? அதெல்லாம் எங்கப்பா கெடைக்கும்? பட்டாளத்து பூட்ஸுக்கு அடியில இரும்புத் தகட்ட வச்சு அடிச்சிருப்பானுங்க. கோல்ல நிக்கறவன் கிரிக்கெட் பேடு கட்டியிருப்பான். நான் ஒருநாள் ஏறிப் பார்த்தேன். மூணு அடி வச்சேன், நாலாவது அடிக்கு வானம் தெரிஞ்சுது" என்று சிரித்தார். கிரிக்கெட் பேடும், தகடு அடித்த பூட்ஸும் லடாக் ஹாக்கியைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் சொல்கிற விஷயம். மாமா மிகைப்படுத்தவில்லை, அந்த நாலாவது அடியைத் தவிர.

லடாக் ஸ்கவுட்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளூர் ஆட்களையே சேர்த்து 1963-ல் உருவான படை அது. 1999 கார்கில் போருக்குப் பிறகு 2000-ல் தனி ரெஜிமென்ட் ஆனது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் நமக்கு இது புரியும்: ஒரு ரெஜிமென்ட் எந்த விளையாட்டைப் பிடித்துக்கொள்கிறதோ அந்த விளையாட்டுக்குச் சாப்பாடு, சம்பளம், பயிற்சி நேரம் எல்லாம் தானாக வந்துவிடும். லடாக் ஸ்கவுட்ஸும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையும் ஐஸ் ஹாக்கிக்கு அதைச் செய்தன. இன்றைக்கும் உள்நாட்டுப் போட்டிகளில் ராணுவம், எல்லைக் காவல் படை, லடாக் என்ற மூன்று பேர்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. தேசிய அணி என்று சொல்கிறோமே தவிர, அதில் பெரும்பாலோர் ஒரே நிலப்பகுதிக்காரர்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கோவில்பட்டி என்ற ஒரு சிறு ஊர் எத்தனை ஹாக்கி வீரர்களைக் கொடுத்தது என்று நமக்குத் தெரியாதா? அங்கே மண் தரை இருந்தது, லேயில் ஐஸ் தரை இருந்தது.

அணியின் அதிகாரபூர்வமான வரலாற்றில் எனக்கு விசித்திரமாகப் படும் இடம் ஒன்று உண்டு. இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம் 1989-ல் சர்வதேசக் கூட்டமைப்பில் இணை உறுப்பினராகச் சேர்ந்தது. இந்திய அணி முதன்முதலாகச் சர்வதேசப் போட்டியில் இறங்கியது 2009 மார்ச்சில். இடையில் இருபது வருடம்! ஒரு தலைமுறையே குளத்தில் ஆடி, வயதாகி, ஓய்வு பெற்றுப் போயிற்று.

அந்த இருபது வருடத்துக்குக் காரணம் தரைதான். சர்வதேச ஆட்டத்துக்கு 60 மீட்டர் நீளத்தில், முழங்கால் சறுக்கினாலும் குழி விழாத ஐஸ் வேண்டும். சுற்றிலும் ஆள் மோதினால் தாங்கும் பலகைச் சுவர் வேண்டும். பக் என்கிற ரப்பர் வட்டு, ஓர் அங்குலக் கனம், மூன்று அங்குல விட்டம், எடை 156-லிருந்து 170 கிராம் வரை, அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் கோணத்தைக் கணித்து ஆடுவதுதான் பாதி ஆட்டம். குளத்தில் கற்றவனுக்குச் சுவர் பழக்கமில்லை. தரையும் வேறு மாதிரி. இயற்கை ஐஸில் விரிசல் இருக்கும், காற்றில் வந்த மணல் ஒட்டியிருக்கும், மதியத்துக்குள் இளகிவிடும். ராத்திரி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, விடியலில் துடைப்பத்தால் பெருக்கித்தான் அடுத்த நாள் ஆட முடியும். மற்ற நாடுகளில் இந்த வேலையைச் செய்வது ஃபிராங்க் ஜாம்போனி என்பவர் 1949-ல் கலிபோர்னியாவில் உருவாக்கிய வண்டி. ஐஸைச் சீவி, வெந்நீர் தெளித்து, ஒரே ஓட்டத்தில் கண்ணாடியாக்கிவிடும்.

முதல் போட்டி நடந்த ஊரைப் பாருங்கள்: அபுதாபி. பாலைவனம். உயரம் என்று ஒன்றும் கிடையாது, பனி பெய்ததாகப் பாட்டி கதையில்கூட இருக்காது. அங்கே நடந்த ஆசியச் சவால் கோப்பைக்கு இமயமலையில் பிறந்தவர்கள் போனார்கள், தோற்றார்கள். கோப்பையை வென்றது பாலைவனக்காரர்களான அமீரக அணி. நம்மவர்களின் நுரையீரலில் குறை இல்லை. லேயில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்தக் காற்றில் ஓடிப் பழகியவர்களுக்குச் சமதளம் லேசாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அபுதாபிக்காரன் வருடம் முழுக்க ஆடுகிறான், லடாக்காரன் இரண்டு மாதம் ஆடுகிறான். பத்து வருட அனுபவம் என்று இருவரும் சொன்னாலும், ஒருவனுடையது நிஜமான பத்து வருடம், இன்னொருவனுடையது இருபது மாதம்.

இங்கேதான் டீக்கடைப் பையனின் கேள்வி தலைகீழாகிறது. பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர், குவைத் என்று ஆசியாவில் ஐஸ் ஹாக்கி அணி வைத்திருக்கும் ஊர்களை அடுக்கினால் பாதிக்கு மேல் நம்மைவிடச் சூடான ஊர்கள். ஐஸுக்கு மலை தேவையில்லை, குளிரூட்டும் இயந்திரத்தில் ஓடும் அம்மோனியா போதும். துறைமுகங்களில் மீனுக்கு ஐஸ் பார் அடிக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே வித்தை. ஐஸ் கம்பெனியில் உப்புத் தண்ணீர்த் தொட்டியைக் குளிரூட்டி அதில் தகர டப்பாக்களை இறக்குவார்கள். ஸ்கேட்டிங் அரங்கில் அந்தக் குளிர்ந்த உப்புக் கரைசலைக் கான்கிரீட் தரைக்குள் பதித்த குழாய்களில் ஓடவிட்டு, மேலே மெல்ல மெல்லத் தண்ணீர் தெளித்துச் சில சென்டிமீட்டர் ஐஸ் கட்டுவார்கள். காரைக்காலிலும் போடலாம், காரமடையிலும் போடலாம். கரண்ட் பில் கட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரியது என்பதற்கு டேராடூனே சாட்சி. 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளுக்காக அங்கே நாட்டின் முதல் முழு அளவு உள்ளரங்க ஐஸ் திடலைக் கட்டினார்கள். டேராடூனின் உயரம் சுமார் 640 மீட்டர், நம் பர்லியாரை விட அதிகமில்லை. அடுத்த ஆண்டு ஆசியச் சவால் கோப்பையும் அங்கேயே நடந்தது. இருபது வருடக் காத்திருப்புக்கு விடிவு வந்துவிட்டது என்று நினைத்தபோது அரங்கம் பூட்டப்பட்டது. குளிரூட்ட ஆகும் செலவும் பராமரிப்பும் யார் தலையில் என்பதற்குப் பதில் இல்லை. பல வருடம் சும்மா கிடந்து 2025-ல்தான் மறுபடி உயிர் பெற்றது. அந்த இடைவெளியில் இந்திய அணியின் பயிற்சித் திடல் எதுவென்றால், மீண்டும் குளம்தான். குளமும் முன்னைப்போல் இல்லை, உறைவது தள்ளிப்போகிறது, இளகுவது முந்துகிறது என்று லடாக்கில் ஆடுபவர்கள் புலம்புகிறார்கள்.

பணத்தின் கதை இன்னும் சங்கடம். 2015-ல், வெளிநாட்டுப் போட்டிக்குப் போக வழியில்லாமல், இந்திய ஆண்கள் அணிக்காகச் சமூக வலைத்தளத்தில் பொதுமக்களிடம் காசு கேட்டார்கள். கோயில் கும்பாபிஷேகத்துக்கு ரசீது புத்தகத்தோடு வீடு வீடாகப் போவோமே, அதேதான், நெஞ்சில் தேசியச் சின்னத்தோடு. அடுத்து பெண்கள் அணிக்கும் அதே பாடு. பெண்கள் 2016-ல் தைபேயில் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டியில் இறங்கியபோது டிக்கெட்டில் ஒரு பங்கு முகம் தெரியாதவர்கள் கொடுத்தது.

பெண்கள் கதையில்தான் நான் நிறைய நேரம் நிற்பேன். குளத்தில் ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிச்ச நேரத்தில், அண்ணன் தம்பிகளின் பெரிய அளவு ஸ்கேட்ஸுக்குள் துணி அடைத்துக்கொண்டு கற்றவர்கள் அவர்கள். தைபேயிலிருந்து ஒரு வருடம் தாண்டி, 2017 மார்ச்சில் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். அதுதான் இந்தியப் பெண்கள் அணியின் முதல் சர்வதேச வெற்றி. 2018 ஜனவரியில் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் லேவுக்கு வந்து அவர்களோடு குளத்தில் இறங்கினார். நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். நம் ஊர் மொழியில் சொன்னால், தெருமுனையில் டென்னிஸ் பந்தில் ஆடும் பிள்ளைகளோடு டெண்டுல்கர் வந்து மட்டை பிடித்தமாதிரி. அதே ஆண்டு அந்தப் பெண்களைக் கால்கரிக்கு அழைத்துத் தன் போட்டித் திருவிழாவில் ஆட வைத்தார். பிறகு லடாக்கைத் தாண்டி இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கிலும் பெண் பிள்ளைகள் மட்டை பிடித்தார்கள். 2025-ல் அல் ஐனில் வந்த வெண்கலம் இத்தனையின் மேல் வந்தது. அதுவும் பாலைவனத்தில்தான்.

இப்போது உள்நாட்டில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் ஐஸ் ஹாக்கி லேயில் நடக்கிறது, 2024-லிருந்து அங்கே ஒரு லீகும் நடக்கிறது. ஆனாலும் இந்தியா இன்னும் இணை உறுப்பினர்தான். உலக சாம்பியன்ஷிப்பின் கடைசிப் படியில்கூட இன்னும் கால் வைக்கவில்லை.

நீலகிரிப் பிள்ளைக்கு வழியே இல்லையா என்றால், சுற்றுவழி ஒன்று இருக்கிறது: ரோலர் ஸ்கேட்டிங். ஒரே வரிசையில் நான்கு சக்கரம் பூட்டிய இன்லைன் ஸ்கேட்ஸில் வேகம் எடுப்பதும் உடலைச் சாய்த்துத் திரும்புவதும் ஐஸுக்கு ரொம்ப நெருக்கம். சமவெளி நகரங்களிலிருந்து ஐஸ் ஹாக்கிக்குப் போன பலர் முதலில் சக்கரத்தில் ஓடியவர்கள். நிற்பதுதான் வேறு. ஐஸில் தகட்டைக் குறுக்கே திருப்பிச் சீவி நிற்க வேண்டும், சிமென்ட் தரையில் அதைச் செய்தால் முகம் போய்விடும்.

இவ்வளவையும் அந்தப் பையனிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மூன்று டீ ஆயிற்று. பாதிக்கு மேல் சுபேதார் மாமாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். கடைசியில் பையன் கேட்டது உயரத்தைப் பற்றியும் இல்லை, வெயிலைப் பற்றியும் இல்லை. "அந்த டேராடூன் ரிங்க்ல வெளியாளுங்க போய் ஆட விடுவாங்களாண்ணா?"

"மொதல்ல சக்கரத்துல நில்லு" என்றார் மாமா. "நாலாவது அடிக்கு வானம் தெரியாம இருக்கட்டும், அப்புறம் டிக்கெட் போடலாம்."